எவ்ளோ போவும்?

உங்கள் கிளாஸில் உங்களைவிட ஒரே ஒரு மார்க் ஜாஸ்தி வாங்கின ஆளை நீங்கள் மன்னித்துவிட்டீர்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். அந்த ஆள் இப்போது பெரிய வேலையில் இருப்பதாக யாராவது சொன்னால் வாய் ‘சூப்பருப்பா’ என்று சொல்லிவிடும். வயிறு என்ன சொல்கிறது?

என் வயிறு காலையிலிருந்து எரிகிறது. ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. ‘ஆள் எடுக்கறோம். வரியா?’ அவ்வளவுதான். ‘எப்படி இருக்க’ இல்லை, ‘ரொம்ப நாளாச்சு’ இல்லை, ஒரு பொம்மைகூட இல்லை. பெங்களூரில் அவள் ஒரு டீமுக்குத் தலை. அந்த டீமில் ஒரு இடம் காலி. நான் சென்னையில் ரெண்டு கம்பெனி மாறி, மூன்றாவது கம்பெனி என்னை மாற்றிவிட, ஊருக்கு வந்து அப்பாவின் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கிறேன். பதில் போட வேண்டும். அதை விட்டுவிட்டு இதை டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் உங்களில் யாராவது தேடிப் பிடித்து லைக் போடுவீர்கள். அந்தப் புண்ணியம் எனக்கு வேண்டாம்.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே, மூன்று பக்கம் கரும்பும் ஒரு பக்கம் டீக்கடையுமாக இருந்த காலேஜில் நானும் அவளும் எலக்ட்ரானிக்ஸ் படித்தோம். குள்ளம். படிய வாரிய தலை. அவள் அண்ணன் கட்டிக் கழித்த வாட்ச் ஒன்று கையில் எப்போதும் லொடலொடவென்று ஆடும். கரியாலூரைத் தாண்டி, கல்வராயன் மலையின் விளிம்பில் அவள் ஊர். அங்கே நின்றால் கீழே எங்கள் ஊர்க் கரும்பெல்லாம் பச்சைப் பாய் விரித்த மாதிரி தெரியும். ஆனால் போனில் டவர் எடுக்காது. வாரம் முழுக்க ஹாஸ்டல், சனிக்கிழமையானால் மலை பஸ்.

லவ்வா என்று கேட்பீர்கள். இல்லை. லவ்வாக இருந்திருந்தால் ஒரு தாடியோடு முடிந்திருக்கும். இது பொறாமை. தாடி வளர்த்தாலும் போகாது.

அவளிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி. எதைப் பார்த்தாலும் அதையே கேட்பாள். ‘எவ்ளோ போவும்?’

ஷேர் ஆட்டோ வந்து நிற்கும். டிரைவர், “ஏறும்மா, எடம் கீது” என்பார். இவள் குனிந்து உள்ளே பார்ப்பாள்.

“எவ்ளோ போவும்ணா?”

“எவ்ளோ வந்தாலும் போவும்மா.”

“அப்ப நான் வர்ல.”

நாங்கள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து, பாதி உடம்பு ரோட்டில் தொங்கப் போவோம். இவள் அடுத்த ஆட்டோவில் கால் நீட்டி வந்து இறங்குவாள். கடுப்பாக இருக்குமா இருக்காதா?

பரீட்சைக்கு முந்தின நாள் நாங்கள் அஞ்சு யூனிட்டையும் ஆடு மேய்கிற மாதிரி மேய்ந்துகொண்டிருப்போம், இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய். இவள் மூன்று யூனிட்டை முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விடுவாள்.

“மீதி ரெண்டு?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அது போவாது.”

“போவாதுன்னா?”

“ஒரு நாள்ல என் மண்டைக்குள்ள மூணுதான் போவும். நாலாவத தள்னா மொதோ மூணும் கெட்டுப்பூடும். உன் மண்டைக்கு எவ்ளோ போவும்னு என்னிக்காவது பாத்துக்கிறியா நீ?”

“என் மண்டைக்குள்ள எல்லாமே போவும்” என்றேன்.

“போவும் போவும். போயி அந்தப் பக்கமா வெளிய வந்துடும்.”

ரிசல்ட் வந்தது. அந்த ஒரு மார்க் அப்போதுதான் ஆரம்பித்தது. அதற்கப்புறம் செமஸ்டர் தவறாமல் அவள் ஒன்று, நான் ரெண்டு.

திங்கட்கிழமை காலையில் மலை பஸ்ஸிலிருந்து இறங்கி, எங்களோடு தனியார் பஸ்ஸில் காலேஜுக்கு வருவாள். அந்த பஸ் டிரைவர் வைக்கிற பாட்டுச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி ஆடும். முன்னால் பெண்கள், பின்னால் படியில் நாங்கள். ஒரு நாள் அவளுக்கு எனக்கு ஒரு தகவல் சொல்ல வேண்டியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? தொண்டை கிழியக் கத்துவார்கள். இவள் திரும்பி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குகிற இடைவெளியில், “வைவா” என்றாள். அவ்வளவுதான். திரும்பவும் பாட்டு. பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்று என்ஜின் அடங்கியது. “வைவா” என்றாள் மறுபடி. நான், “வைவாவா?” என்று கத்தினேன். தலையாட்டினாள். அடுத்த ஸ்டாப்பில், “இன்னிக்கி.”

பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த கிழவி அவளை ஏற இறங்கப் பார்த்தது.

“இன்னாடி பொண்ணு, திக்குவாயா?”

“திக்கல ஆயா. பாட்டு நிக்கட்டும்னு பாக்குறேன்.”

“அது எங்க நிக்கப்போவுது? கத்து!”

“கத்துனா அவனுக்குப் பாதி கேக்கும். பாதி கேட்டா தப்பாதான் கேக்கும்.”

அதே பஸ்ஸில் என் பிரெண்டு ஒருத்தன் தன் ஆளுக்கு ‘சாயங்காலம் லைப்ரரி’ என்று கத்தி, அந்தப் பெண் லேபுக்குப் போய்க் காத்திருந்து, ரெண்டு பேரும் ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள். நான் பஸ்ஸிலேயே புத்தகத்தைத் திறந்து அந்த வாய்மொழிப் பரீட்சைக்குப் படித்தேன். தகவல் முழுசாக வந்து சேர்ந்துவிட்டது. அதுதான் எரிச்சல்.

ஒரு நாள் கிளாஸில் சார் ஒரு ஃபார்முலா போட்டார். இரைச்சல் உள்ள ஒரு வழியில், அதாவது சேனலில், அதிகபட்சம் எவ்வளவு வேகமாகச் செய்தி அனுப்ப முடியும் என்கிற கணக்கு. பயந்துவிடாதீர்கள், சுலபம்தான். வழி எவ்வளவு அகலம் என்று ஒரு எண். உங்கள் சிக்னல் இரைச்சலைப் போல எத்தனை மடங்கு என்று இன்னொரு எண். அந்த மடங்கோடு ஒன்றைக் கூட்டுங்கள். ஒன்றை எத்தனை முறை இரட்டித்தால் அது வரும் என்று பாருங்கள். அதை அகலத்தால் பெருக்குங்கள். முடிந்தது. சிக்னல் மூன்று மடங்கு என்றால் ஒன்றைக் கூட்டி நாலு. ஒன்று ரெண்டாகி, ரெண்டு நாலாகி, ரெண்டு தடவை இரட்டிப்பு. ஆக அகலத்தைப் போல ரெண்டு பங்கு வேகம். ஏழு மடங்கு என்றால் எட்டு, மூன்று பங்கு. பார்த்தீர்களா? மூன்றிலிருந்து ஏழுக்குத் தொண்டையைக் கிழித்தும் ஒரு படிதான் ஏறுகிறது. அந்த வேகத்துக்கு உள்ளே அனுப்பினால் தப்பில்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வழி உண்டு. அதைத் தாண்டி அனுப்பினால் சாமியே வந்தாலும் தப்பு வரும்.

எனக்கு அது பத்து மார்க் கேள்வி. எழுதிக்கொண்டேன். யதேச்சையாக அவள் பக்கம் திரும்பினேன். பேனாவை மூடி வைத்துவிட்டு போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியூர் பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரரைப் பார்த்துவிட்ட மாதிரி ஒரு முகம். அவளுடைய கேள்வியை யாரோ எப்போதோ கேட்டு விடையும் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக வயிறு எரிந்தது. மார்க்குக்காக இல்லை. அந்த முகத்துக்காக. எந்த ஃபார்முலாவும் எனக்குச் சொந்தக்காரர் ஆனதில்லை.

கையைத் தூக்கினாள். “சார், சிக்னல் இரைச்சலவிட கம்மியா இருந்தா?”

“ஒண்ணும் கேக்காதும்மா. அவுட்டு.”

“இல்ல சார். மடங்கு அரைன்னு வெச்சிக்குங்க. ஒண்ண கூட்டுனா ஒன்றரை. ஒண்ணவிட ஜாஸ்திதானே? அப்ப கொஞ்சமாச்சும் போவும்.”

சார் போர்டைத் திரும்பிப் பார்த்தார். கணக்குப் போட்டார். அழித்தார். மறுபடி போட்டார்.

“போவும்” என்றார்.

“கம்மியா போவும் சார். ஆனா போவும்.”

கடைசி பெஞ்சு மொத்தமும் ‘போவும்ம்ம்’ என்று ராகம் போட்டது. நானும் சேர்ந்து போட்டேன், கொஞ்சம் சத்தமாகவே.

கடைசி வருஷம் எங்கள் எச்.ஓ.டி. ஒரு வேலை செய்தார். முதல் ரேங்க்கையும் ரெண்டாம் ரேங்க்கையும் ஒரே பிராஜெக்ட்டில் போட்டார். பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி வருகிறது, பிராஜெக்ட் பார்த்து டிபார்ட்மென்ட்டுக்கு ஒரே ஒரு ஆளை எடுப்பார்கள். ஒரே ஒரு ஆள். அதை அவர் எங்கள் ரெண்டு பேரையும் எதிரில் நிற்க வைத்துக்கொண்டு சொன்னார்.

பிராஜெக்ட் அவள் சொன்னதுதான். அவள் ஊரில் பாம்பு கடித்தால், பிரசவ வலி எடுத்தால், யாராவது வண்டி எடுத்துக்கொண்டு டவர் கிடைக்கிற வளைவு வரைக்கும் ஓட வேண்டும். அதற்கு ரெண்டு ரேடியோ பெட்டி. ஒன்று மலை விளிம்பில் அவள் வீட்டுப் பலா மரத்தில். இன்னொன்று கீழே, மலை நேராகத் தெரிகிற எங்கள் கரும்பு வயலின் மோட்டார் கொட்டாய் கூரைமேல். மேலிருந்து அனுப்பினால் கீழே வர வேண்டும். கீழே சரியாகக் கிடைத்தால் கீழ்ப்பெட்டி ‘ஓகே’ என்று ஒரு வார்த்தை திருப்பி அனுப்பும். ஓகே வராவிட்டால் மேல்பெட்டி வேகத்தைக் குறைத்துக்கொண்டு திரும்ப அனுப்பும். இந்த ஓகே சமாச்சாரம் அவள் பிடிவாதம்.

“ஓகே சொல்ற நேரத்துல இன்னும் ரெண்டு வார்த்த அனுப்பிடலாம்” என்றேன்.

“போய்ச் சேராத ரெண்டு வார்த்த எதுக்கு?”

மேல்பெட்டியை மாட்ட பைக்கில் போனேன். ஒவ்வொரு வளைவிலும் காது அடைத்தது. அவள் அம்மா சாமைச் சோறும் கீரையும் போட்டார். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலுக்குப் போய், பள்ளத்துக்கு எதிர்ச் சரிவில் கடுக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த தன் தங்கச்சியைக் கூப்பிட்டார். கூப்பிட்டார் என்றால் நாம் கூப்பிடுகிற மாதிரி இல்லை. ஒரே ஒரு பெயர், நீளமாக, காற்று நிற்கிற நேரம் பார்த்து. எதிர்ச் சரிவிலிருந்து அதே பெயர் திரும்பி வந்தது. அப்புறம் ‘சோஓஓறு’. அதுவும் திரும்பி வந்தது. காற்று வீசினால் இன்னும் நீளமாக இழுத்தார்.

அட, இதுதான் ரகசியமா! கம்மியாகச் சொல்வது, நின்று சொல்வது, திருப்பிச் சொல்ல வைப்பது. எல்லாம் இங்கேயிருந்து வந்ததா! உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்படி ஒரு நிம்மதி. ரத்தத்திலேயே ஊறி வந்தது என்றால் நான் தோற்றதாக ஆகாது, இல்லையா? மீன் குஞ்சோடு நீச்சல் போட்டி போட்டுத் தோற்றவனை யார் கேவலமாகப் பேசப்போகிறார்கள்?

“கண்டுபுட்சிட்டேன்” என்றேன் அவளிடம். “உங்கம்மா கூவுறதப் பாத்துதானே கத்துக்கின?”

ஸ்க்ரூ முறுக்கிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

“எனக்குக் கூவ வராது.”

“சும்மா சொல்லாத.”

“ம்மா, இவன்கிட்ட சொல்லு.”

அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். “அத ஏம்பா கேக்குற. ஊர்ல பொறந்த குட்டியெல்லாம் கூவும். இவளுக்குத் தொண்டையே கெடையாது. ஆட்டக் கூப்ட்டாகூட வராது. எத்தினி வாட்டி சொல்லிக் குடுத்துட்டேன்.”

“புக்கு படிச்சேன்டா” என்றாள் அவள். “நீயும்தான் படிச்ச, அதே புக்கு. நீ கணக்கு போட்டா மூளை, நான் கணக்கு போட்டா எங்கம்மாவா? ஏன், உனக்கு மட்டும் ரெண்டாவது ரேங்க்கு இன்னா கரும்புலயா காச்சிது?”

பைக்கை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வளைவுக்கு வளைவு பதில் யோசித்தேன்.

அந்த வாரமே நான் ஒரு வேலை காட்டினேன். மோட்டார் கொட்டாயில் உட்கார்ந்து சிக்னலை அளந்தேன். இரைச்சலைப் போலப் பதினைந்து மடங்கு! ஒன்றைக் கூட்டினால் பதினாறு. நாலு தடவை இரட்டிப்பு. எழுத்து என்ன எழுத்து, போட்டோவே அனுப்பலாம். ஒரே நிமிஷத்தில் வந்துவிடும். எச்.ஓ.டி. துள்ளிக் குதித்தார். “அருவி போட்டோ அனுப்புங்கப்பா! மலையிலேர்ந்து நேரா வயலுக்கு! பேப்பர்ல வரும்!”

திங்கட்கிழமை அவள் வந்தாள். என் கணக்கைப் பார்த்தாள்.

“எப்ப அளந்த?”

“மத்தியானம்.”

“கரண்ட் இருந்துச்சா?”

“இருந்துச்சே. ஃபேன் ஓடிச்சி.”

“ஃபேன் இல்ல. த்ரீ ஃபேஸ்.”

வயல் மோட்டாருக்கு த்ரீ ஃபேஸ் வேண்டும். அது நாள் முழுக்க வராது, முறை வைத்துத்தான் வரும். வந்த நிமிஷம் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற மோட்டார் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். எங்கள் கொட்டாய்க்குப் பக்கத்திலேயே பழைய டிரான்ஸ்ஃபார்மர். லோடு ஏறினால் லைனில் பொறி தட்டும், வீட்டு ரேடியோ கரகரவென்று அழும். எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அவளே என் அப்பாவிடம் முறை கேட்டுக்கொண்டு வந்து, த்ரீ ஃபேஸ் நேரத்தில் அளந்தாள். சிக்னலும் இரைச்சலும் சரிக்குச் சரி. ஒன்றும் ஒன்றும் ரெண்டு. ஒரே ஒரு இரட்டிப்பு. நான் சொன்ன வேகத்தில் கால்வாசி.

“கரும்பு வெச்சிக்கினு கீறவன் நீ” என்றாள், கிளாஸ் மொத்தமும் கேட்க. “மோட்டார் ஓடாத நேரமா பாத்து அளந்தா சேனலு அமைதியாதான் இருக்கும். திருவிழா முடிஞ்ச மறுநாள் போயி மைக்செட்டு சத்தம் எவ்ளோன்னு கேக்குற மாரி.”

“கீழ ஆம்ப்ளிஃபையர் போட்டுக்கலாம்.”

“அது சிக்னலோட சேத்து இரைச்சலையும் பெருசாக்கும்.”

“மேல பவர ஏத்து.”

“மேல பேட்டரி எவ்ளோ போவும்?”

அந்தக் கேள்வியை, கரண்ட் இருந்துச்சா என்கிற அந்த ஒரு கேள்வியை, நான் கேட்டிருக்க வேண்டும். என் வயல், என் கொட்டாய், என் அப்பாவின் மோட்டார். மலையிலிருந்து இறங்கி வந்தவள் கேட்கிறாள். இன்றைக்கும் ஆறவில்லை.

எச்.ஓ.டி. போட்டோவை விடவில்லை. த்ரீ ஃபேஸ் முறை இல்லாத காலை நேரமாகப் பார்த்து டெமோ வைத்தார். “முன்னாடி போட்டோ போவட்டும். அப்புறம் உன் ஓகே, உன் ஸ்லோ ஸ்பீடு எல்லாம் உன் ஆசைக்கு வெச்சிக்கம்மா” என்றார். அவள் போட்டோவுக்குச் சரி என்றாள், ஓகேயை மட்டும் எடுக்கவில்லை.

டெமோ அன்று அவள் மேலே, நான் கீழே. கம்பெனிக்காரர் என் பக்கத்தில். அப்பா இளநீர் வெட்டிக் கொடுத்தார். புதுச் சட்டையில் நான். சீட் எனக்குத்தான் என்று முடிவே செய்துவிட்டேன். மலைமேல் மரத்தடியில் நிற்கிறவளை யார் பார்க்கப்போகிறார்கள்?

போட்டோ வர ஆரம்பித்தது. மேலே ஒரு பட்டை வானம். அதன் கீழே கொஞ்சம் பாறை. அருவியின் வெள்ளை லேசாக எட்டிப் பார்த்தது. எச்.ஓ.டி. கை தட்டினார். அந்த நேரம் பார்த்து டிரான்ஸ்ஃபார்மர் ‘ம்ம்ம்’ என்றது. பக்கத்து வயலில் ஒரு மோட்டார். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. குழாய்களில் தண்ணீர் பொத்துக்கொண்டு கொட்டியது. ஸ்க்ரீனில் அருவி இருந்த இடத்தில் சாமையையும் கேழ்வரகையும் கலந்து கொட்டிய மாதிரி புள்ளி புள்ளியாக ஒரு குப்பை.

“ஏம்ப்பா, மலைல மழையா?” என்றார் எச்.ஓ.டி.

“கரண்ட்டு மொற மாறிப்போச்சாட்டம் கீது சார்” என்றார் அப்பா. “எனக்கே தெரியாது. சொல்லாம கொள்ளாம வுட்டுட்டானுங்க.”

குப்பை நின்றது. ஸ்க்ரீன் கறுப்பானது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். அப்புறம் ஒரு எழுத்து வந்தது. எம். ரொம்ப நேரம் கழித்து ஓ. டி. இன்னொரு ஓ. ஆர். கம்பெனிக்காரர் இளநீரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார். எழுத்து எழுத்தாக, சொட்டுச் சொட்டாக, ஒரு பிழை இல்லாமல் வந்து முடிந்தது.

‘மோட்டார் ஓடுதா?’

அப்பாதான் முதலில் வாய் திறந்தார். “யம்மா! அந்தப் பொண்ணு மேல இருந்துக்கினே பாக்குதா இன்னா?”

கம்பெனிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு என்னிடம், “எப்படித் தெரிஞ்சது அவங்களுக்கு?” என்று கேட்டார். என் சான்ஸ். விட்டேனா? மலையில் இரைச்சல் இல்லை, மேல்பெட்டியிலும் கோளாறு இல்லை. கீழேயிருந்து ஓகே வரவில்லை, ஆகவே இரைச்சல் கீழேதான். கீழே இவ்வளவு இரைச்சல் போட மோட்டாரை விட்டால் வேறு நாதி இல்லை. வேகம் கால்வாசியானதை இரட்டிப்புக் கணக்கோடு விளக்கினேன். புத்தகமே அவ்வளவு அழகாகச் சொல்லாது. அவர் பொறுமையாகக் கேட்டார். தலையாட்டினார்.

“சூப்பர். அவங்க எப்ப கீழ வருவாங்க?” என்றார்.

மேலே அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். நான் ‘ஆமா’ என்று ஒரு வார்த்தை தட்டினேன். அவளிடம் நான் எதிர்ப்பேச்சு இல்லாமல் சொன்ன ஒரே பதில் அதுதான்.

அவள் மலை பஸ் பிடித்து இறங்கி வருகிற வரைக்கும் கம்பெனிக்காரர் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் வந்ததும் எச்.ஓ.டி. நெஞ்சை நிமிர்த்தினார். “மலை மக்களோட பாரம்பரிய அறிவு சார். சின்ன வயசுலேர்ந்து மலைக்கு மலை கூப்பிட்டுப் பழகினவங்க.”

“எனக்குக் கூவ வராது சார்” என்றாள் அவள். “புக்குல கீது. மூணாவது யூனிட்டு.”

சீட் போயிற்று.

காலேஜ் முடிந்தபிறகு அவளை நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கீழ்ப்பெட்டி இன்னும் எங்கள் கொட்டாய் கூரைமேல் இருக்கிறது. அவ்வப்போது மேலேயிருந்து வெறும் ‘பாம்பு’ என்று வரும். அல்லது ‘வலி’ என்று வரும். அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஆம்புலன்ஸுக்கு போன் போடுவார். ஒருமுறை நான், “போட்டோ வர்ற மாரி மாத்தட்டுமா, எந்தப் பாம்புன்னு தெரியுமே?” என்று கேட்டேன்.

“போட்டோ வர்றதுக்குள்ள கடிபட்டவன் பூடுவான்டா. அந்தப் பொண்ணு எல்லாம் சரியாதான் வெச்சிக்கீது. நீ நோண்டாத” என்றார்.

பெத்த அப்பாவே அவளுக்கு ரிசீவர்.

இன்று காலை மெசேஜ் வந்ததும் அவர் எட்டிப் பார்த்தார்.

“யாருடா?”

“கூட படிச்சவ. வேலைக்கு வரியான்னு கேக்குறா.”

“மோட்டாரு பொண்ணா?” முகம் எல்லாம் பல். “வரேன்னு போடு. இதுக்கு இன்னா யோசன?”

நான் நாலைந்து பதில் எழுதி அழித்தேன். ஒன்றில் என் பழைய கம்பெனிகளின் பெருமை இருந்தது. ஒன்றில், இரக்கப்பட்டுக் கூப்பிடுகிறாயா என்று கேட்டிருந்தேன். ஒன்று நன்றி சொல்லியே ஒரு பக்கம் ஓடியது. எல்லாமே நீளம். அவள் எதையும் முழுசாகப் படிக்க மாட்டாள். இரக்கப்படவும் மாட்டாள், அது எனக்கு நல்லாவே தெரியும். என்னால் எவ்வளவு முடியும் என்று கணக்குப் போட்டுத்தான் கேட்டிருப்பாள். அந்தக் கணக்கில் எனக்கு என்ன எண் வந்திருக்கும்? அதுதான் உறுத்துகிறது. கம்மியாக இருந்தாலும் எரியும். ஜாஸ்தியாக இருந்தால் இன்னும் எரியும்.

பதில் இன்னும் போகவில்லை. த்ரீ ஃபேஸ் வந்துவிட்டது, மோட்டார் ஓடுகிறது. இவ்வளவு இரைச்சலில் ஒரு வார்த்தைதான் போவும்.